அவனுக்கு வேணாம்னா நமக்குக் குடுக்கச் சொல்லு

1982இல் நான் ரிமூவ் வகுப்பில் இருந்தேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு, மலாய் போதவில்லை என்று படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருஷம் உட்கார வைக்கப்பட்ட கூட்டத்தில் ஒருவன். அண்ணன் படிவம் மூன்றோடு நின்றுவிட்டு சுங்கைவே பக்கம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மாதம் ஒருமுறை பத்தாங் பெர்ஜுந்தையில் பஸ் மாறி, மீதி தூரம் நடந்து தோட்டத்துக்கு வருவான். ஒரு தடவை அப்படி வந்தபோது ஒரு கேசட் பிளேயரும், பாசார் மாலாமில் வாங்கிய நாலைந்து திருட்டு கேசட்டுகளும் கொண்டுவந்தான். இளையராஜா மூன்று. மீதியில் ஒன்று பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்'.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று சாயங்காலம் அந்தப் பாட்டு மொத்த லயத்துக்கும் கேட்டது. பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற இடம் வந்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்க என்னடா கத்துதுங்க?"

"பள்ளிக்கூடமே வேணாங்கிற பாட்டுப்பா."

"யாரு, வெள்ளக்காரப் புள்ளைங்களா?"

"ஆமா. லண்டன்ல."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவனுக்கு வேணாம்னா நமக்குக் குடுக்கச் சொல்லு."

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. 'அனதர் பிரிக் இன் தி வால், பார்ட் டூ' பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். ராக் இசை விமர்சகர்கள் எழுதியது, கல்வியாளர்கள் எழுதியது, ரோஜர் வாட்டர்ஸே பேட்டிகளில் சொன்னது எல்லாம். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போன எதையும் நான் இன்னும் படிக்கவில்லை. அந்த வாக்கியம் எங்கே சரி, எங்கே சரியில்லை என்று யோசிப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாட்டு எப்படி உருவானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1979 நவம்பர் கடைசியில் அது தனிப்பாட்டாக வெளிவந்தது. பிரிட்டனில் பிங்க் ஃப்ளாய்ட் தனிப்பாட்டு வெளியிட்டு 11 வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் முழு ஆல்பக்காரர்கள், தனித்தனியாகப் பாட்டை வெட்டி விற்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தவர்கள். வாட்டர்ஸ் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு சரணமும் ஒரு பல்லவியும் கொண்ட சின்னத் துண்டு. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் அதற்கு டிஸ்கோத் தாளம் போடச் சொன்னார், பிறகு அந்தத் துண்டையே நகலெடுத்து ஒட்டி நீளமாக்கினார். இரண்டாவது முறையும் அதே வரிகள்தான் வரும், வேறு யாராவது பாடினால் நல்லது என்று தோன்றியதும் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. 1972இல் ஆலிஸ் கூப்பரின் 'ஸ்கூல்ஸ் அவுட்' பாட்டிலும் பிள்ளைகளின் குரலைப் பயன்படுத்திய ஆள் அவர்.

குழு அப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருந்தது. லண்டனில் அவர்களுடைய ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இஸ்லிங்டன் கிரீன் என்று ஒரு பள்ளிக்கூடம். வசதியானவர்கள் பிள்ளைகளை அனுப்புகிற பள்ளி இல்லை. ஒலிப்பதிவாளர் நிக் கிரிஃபித்ஸ் அங்கே போய்க் கேட்டார். இசை ஆசிரியர் ஆலன் ரென்ஷா தலைமையாசிரியையிடம் முறையாகச் சொல்லாமலேயே 23 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பெரிய பள்ளிக்கூடமே பாடுவதுபோல் ஆக்கினார்கள். நாடா கடல் தாண்டிப் போனது. கிறிஸ்துமஸ் வாரம் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1980இல் நாலு வாரம் முதலிடம்.

இசையாக எனக்கு இதில் பிடித்தது தாளம்தான். கலகம் என்றால் எல்லாரும் வேகமாக அடிப்பார்கள். இதில் டிரம்ஸ் கொஞ்சமும் பதறாமல் ஒரே நடையில் போகிறது, மெஷின் மாதிரி. எங்கள் தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட் உருளைக்குள் போய் வருகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த நடை உடனே பிடிபட்டது. கிட்டார் அடக்கி அடக்கிச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்கள் பாடும்போது குரல் அலுத்துப்போய் இருக்கிறது. பிள்ளைகள் வரும்போது அதே ராகம், அதே சொற்கள், ஆனால் உயிர் வந்துவிடுகிறது. கூட்டமாக, லண்டன் தெருப் பேச்சின் இழுப்போடு, கொஞ்சம் சுதி விலகியே பாடுகிறார்கள். அந்த விலகலைச் சரிசெய்யாமல் விட்டது பெரிய காரியம்.

முதல் வரியில் இரண்டு எதிர்மறை அடுத்தடுத்து வருகிறது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது பிழை. கறாராகப் பார்த்தால் படிப்பு 'வேண்டும்' என்றே பொருள் வரும் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் ஆங்கில ஆசிரியர், 25 வருஷத்துக்கு மேல் அந்தப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடு போட்டவன், அதனால் இந்தக் கிண்டல் எனக்கும் பழக்கம். ஆனால் அது பிழையில்லை, அது வீட்டு மொழி. உழைக்கிற ஜனங்கள் லண்டனில் அப்படித்தான் பேசுவார்கள். வீட்டு மொழியைப் பிழை என்று சொல்கிற இடம் பள்ளிக்கூடம். அதனால் அந்தச் சண்டை முதல் வரியின் இலக்கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. தோட்டப் பள்ளியில் 'மங்கு', 'பெரட்டு' என்று கட்டுரையில் எழுதி அடி வாங்கியவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மரத்தில் கட்டியிருக்கிற பால் கிண்ணத்துக்கு எங்களுக்கு வேறு சொல் தெரியாது. அது மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, எழுதக்கூடாது என்றார்கள். என்ன எழுத வேண்டும் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்பாவின் வாக்கியம் எங்கே சரியாகிறது என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் யாரும் ஆசைப்பட்டுக் கட்டியதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்பது அதற்குப் பின்னால் இருந்த கணக்கு. கட்டடம் என்று ஒன்று இருக்கும். வாத்தியார் பெரும்பாலும் கிராணி, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி டிரெசர், அதுவும் இல்லையென்றால் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. அப்பா படித்த மூன்று வருஷமும் அப்படித்தான். "கிராணி பெரட்டு முடிச்சு, கணக்கெழுதி, சாப்பிட்டுட்டு வந்தாருன்னா பள்ளிக்கூடம். வரலன்னா இல்ல." காலையில் தாத்தாவோடு காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு மத்தியானம் அவருக்காகக் காத்திருப்பாராம். கிராணி வராத நாட்கள்தான் அதிகம்.

1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதுபவர்கள் கூலி உயர்வையும், துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். சைக்கிள் விஷயம் கேட்டவுடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது: பிள்ளைகளுக்கு முறையான படிப்பு. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பள்ளிக்கூடம் கேட்டவர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் பதில் சொன்ன சிலாங்கூரில், நாற்பது வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் பிள்ளைகள் பாடுவதை ஒரு பால்வெட்டி கேட்கிறார். அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

இதோடு முடித்துவிட்டால் கட்டுரை சுலபம். மேல்நாட்டுக்காரன் வயிறு நிறைந்தவன், அவனுடைய கலகம் சொகுசு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தது தென்னாப்பிரிக்கா.

1980 ஏப்ரலில் கேப் டவுன் பக்கத்தில் கறுப்பின, கலப்பினப் பிள்ளைகள் பள்ளிகளைப் புறக்கணித்தார்கள். வெள்ளைப் பிள்ளைக்கு அரசு செலவழித்ததில் ஒரு சின்னப் பங்குதான் இவர்களுக்கு. புத்தகம் இல்லை, கட்டடம் இடிந்து கிடந்தது, பாடத்திட்டமோ வேலைக்காரர்களாக வளர்ப்பதற்கென்றே எழுதியது. அந்தப் பிள்ளைகள் தெருவில் இறங்கியபோது பாடியது இந்தப் பாட்டைத்தான். மே 2ஆம் தேதி தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது.

இதை முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. கேப் டவுன் பிள்ளைகளும் அப்பாவும் கேட்டது ஒன்றையேதான். இருவருக்கும் நல்ல படிப்பு வேண்டும். அப்பா பாட்டை எதிர்த்து அதைக் கேட்டார். அவர்கள் அந்தப் பாட்டை வைத்தே கேட்டார்கள். பாட்டு வேண்டாம் என்று தள்ளுவது படிப்பை அல்ல, படிப்பு என்ற பெயரில் நடக்கிற வேறொன்றை என்று அவர்களுக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. எங்களுக்கு ஏன் விளங்கவில்லை? தோட்டப் பள்ளியும் பால்வெட்டியின் பிள்ளையைப் பால்வெட்டியாகவே வைத்திருக்கத்தானே கட்டப்பட்டது? ஆறாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிடும், அதற்கப்புறம் ரிமூவ், அதற்கப்புறம் படிவம் மூன்றில் அண்ணன் மாதிரி வெளியே. சுவர் எங்களைச் சுற்றியும்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு இருந்த ஒரே கதவும் அந்தச் சுவரிலேயே இருந்தது. கதவுள்ள சுவரை இடி என்று யாராவது பாடினால் பயம்தான் வரும். அப்பாவின் வாக்கியத்தில் நான் சிரித்த அளவுக்கு அந்தப் பயம் அன்று எனக்குக் கேட்கவில்லை.

இப்போது வாட்டர்ஸிடம் வருகிறேன். அவருடைய அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் பள்ளி ஆசிரியர். 1944இல் இத்தாலியில் அன்சியோ போர்முனையில் இறந்தார், அப்போது பிள்ளை கைக்குழந்தை. அம்மாவும் ஆசிரியைதான். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை எழுதிய பாட்டு இது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'தி வால்' ஆல்பத்தில் இந்தப் பாட்டுக்கு மூன்று பாகம். முதல் பாகத்தில் சுவரின் செங்கல், போரில் செத்துப்போன அப்பா. இரண்டாவதில் பள்ளிக்கூடம். மூன்றாவதில் எல்லாரும் எல்லாமும். இரண்டாம் பாகத்துக்கு முன்னால் வருகிற சின்னப் பாட்டு, பிள்ளைகளை மட்டம் தட்டுகிற வாத்தியார் ராத்திரி வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியிடம் என்ன பாடுபடுகிறார் என்று சொல்கிறது. அந்த மனைவியைச் சித்திரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, மலிவான நகைச்சுவை. ஆனால் அடி மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது என்று அது காட்டுகிறது. துரை கிராணியைத் திட்டுவான், கிராணி வாத்தியாராக வந்து பிள்ளையை அடிப்பான். இந்தச் சங்கிலி எங்களுக்குத் தெரியும்.

முழு ஆல்பத்தையும் கேட்டால், சுவர் கட்டுவது கதாநாயகனேதான். பணமும் புகழும் சலித்துப்போன ஒரு ராக் நட்சத்திரம், தன்னைச் சுற்றித் தானே எழுப்பிக்கொள்கிற சுவர். அவனுடைய காயங்களின் பட்டியலில் பள்ளிக்கூடம் ஒரு வரி. உண்மையைச் சொன்னால், நான்கு பக்கங்களையும் பொறுமையாகக் கேட்டுமுடிக்கும்போது எனக்கு அவன்மேல் இரக்கத்தைவிட அலுப்புதான் அதிகம் வருகிறது. 1982இல் ஆலன் பார்க்கர் எடுத்த படத்தில் முகமூடி போட்ட பிள்ளைகள் வரிசையாக இறைச்சி அரைக்கும் மெஷினுக்குள் விழுவார்கள். பிரமாதமான காட்சி. ஆனால் அதுவும் அவனுடைய பகல்கனவுதான், கனவு முடிந்ததும் அவன் மட்டும் கையைத் தடவிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பான்.

தனிப்பாட்டில் இதெல்லாம் இல்லை. செத்த அப்பா இல்லை, நட்சத்திரம் இல்லை, வீட்டில் அடிபடும் வாத்தியார் இல்லை. விற்பனைக்காக வெட்டி எடுத்தபோது கதாநாயகன் காணாமல் போய்விட்டான், கூட்டம் மட்டும் மிஞ்சியது. ஆசிரியரின் நோக்கத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஆல்பக்காரர்கள் வருத்தப்படலாம். என் எண்ணம் நேர்மாறானது. அந்தச் சிதைவால்தான் இது பெரிய பாட்டானது. ஆல்பத்தில் 'நான்' என்று அழுகிறவனின் பாட்டு, தனியாக வந்தபோது 'நாங்கள்' என்று ஆகிவிட்டது. கேப் டவுன் பிள்ளைகளுக்கு ராக் நட்சத்திரத்தின் மனச்சோர்வால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாசார் மாலாம் கேசட்டில் என்ன வரிசை என்றே தெரியாமல் கேட்ட எங்கள் லயத்துக்கும் இல்லை.

ஆனால் அந்த 'நாங்கள்' எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒரு சரணம். பிள்ளைகள் பாடி முடித்ததும் டேவிட் கில்மோரின் கிட்டார் வருகிறது. மிக அழகான கிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவசரமில்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் வளைத்து, பேசுகிற மாதிரி வாசிக்கிறார். பிள்ளைகள் அதற்குப் பிறகு திரும்பி வருவதில்லை. முடிவில் வாத்தியாரின் அதட்டல்தான் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில், வகுப்பில். பாட்டை யார் பாடினாலும் கடைசிப் பேச்சு வாத்தியாருடையது. நான் வாத்தியாரான பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

புக்கிட் பெருந்துங்குக்கு நாங்கள் வந்தது தோட்டம் கைமாறிய பிறகு. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் 90களில் வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். 1997 நெருக்கடியில் பாதியில் நின்ற வீடுகளுக்குள் மரம் முளைத்து நின்றதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டன, பெயரில் மட்டும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளியை மூடாமல் இடம் மாற்ற வைப்பதற்குள் பெற்றோர் பட்ட பாடு தனிக் கதை. அப்பா தன் கடைசிக் காலத்தில் அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் போவார். பேச மாட்டார். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் இரண்டாம் படிவ வகுப்பில் இந்தப் பாட்டைப் போட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை, தேர்வு முடிந்த வாரம், சும்மாதான். எதிர்பார்த்த மாதிரியே மேசையைத் தட்டினார்கள், இரண்டாவது தடவை போடும்போது கூடவே பாடினார்கள். ஒரு பையன் கேட்டான்: "சார், கடைசில கத்துறது நீங்கதானே?" வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். பிரிட்டனில் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு. பள்ளிக்கூடத்துக்கு 1,000 பவுன் கொடுத்தார்கள். பாடினவர்களுக்கு உரிமைத்தொகை இல்லை. வீடியோவில்கூட வேறு பிள்ளைகள்தான் வாயசைத்தார்கள். 25 வருஷம் கழித்து, 2004இல், வளர்ந்து பெரியவர்களான சிலர் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுக் கிளம்பினார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பிள்ளை.

"எத்தனை பேரு சார் பாடுனாங்க?"

"இருபத்து மூணு."

அவள் திரும்பி வகுப்பை ஒருமுறை எண்ணினாள்.

"நம்ம கிளாஸ விட அஞ்சு பேர் கம்மி," என்றாள். "அவங்க பேரு அந்தத் தட்டுல போட்டிருக்கா சார்?"

பள்ளியின் பெயர் இருக்கிறது, பிள்ளைகளின் பெயர் இல்லை என்று சொன்னேன்.